சோடா உப்பு உபவாசத்தைக் கெடுக்காது

என் அக்காவுக்கு எந்த வேளையில் வயிறு வலிக்கிறது என்று அவள் புகுந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. நான் ஒருமுறை கேட்டேன். பெருமாள் அமுது செய்வதற்கு முன்னால் என்றாள். இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டில் அதை யாரும் நோயின் அடையாளமாக எடுத்துக்கொள்ளவில்லை. பெருமாள் காரியம் நடக்கும் நேரத்தில் வருகிற வலி என்பதால், அதைப் பற்றிப் பேசுவதே அபசாரம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேல்கோட்டையிலிருந்து மைசூருக்கு வந்து தங்கிவிட்ட எங்கள் குடும்பங்களில், காலையில் சமைத்தது முதலில் பெருமாளுக்குக் காட்டப்படும். அதற்கு முன் யாரும் சாப்பிடுவதில்லை. சில வீடுகளில் காப்பியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அக்கா வீட்டில் காப்பியும் கிடையாது. ஸ்நானம் செய்து, மடிப்புடவை உடுத்தி, அடுப்பு மூட்டி, சாதமும் சாத்தமுதும் கறியமுதும் ஆகி, பிறகு அக்கா புருஷரான அத்திம்பேர் ஆராதனத்துக்கு உட்கார்ந்து, அது முடிந்து, அவர் சாப்பிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின பிறகுதான் அவள் இலை போட்டுக்கொள்ள முடியும். அத்திம்பேர் ஆராதனத்தைச் சுருக்குகிறவர் அல்ல. ஒரு மந்திரத்தில் சந்தேகம் வந்தால் ஆரம்பத்திலிருந்து மறுபடி சொல்வார்.

அவ்வளவு நேரமும் அக்கா அடுப்படியில் ஒரு கையால் வயிற்றை அழுத்திக்கொண்டு நிற்பாள். சாப்பிட்டதும் வலி போய்விடும். போய்விட்டது என்பதுதான் எல்லாருக்கும் தெரியும்.

அத்திம்பேர் ஒரு ஹைஸ்கூலில் ரசாயனம் சொல்லிக்கொடுத்தார். கெட்டிக்காரர். இதை நான் வெறுப்போடு சொல்லவில்லை. பிள்ளைகள் அவர் வகுப்பைத் தவறவிடமாட்டார்கள். ரசாயனத்தைப் புஸ்தகத்திலிருந்து எடுத்துச் சமையலறையில் வைத்தவர் அவர். பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்ப்பது ஏன், தேய்த்த பிறகு சாம்பல் போட்டுத் துலக்குவது ஏன், தேனீ கொட்டின இடத்தில் சுண்ணாம்பு தடவுவது ஏன், புளித்த மாவில் சோடா போட்டால் பொங்குவது ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே காரணம் சொல்வார். ஒருபக்கம் அமிலம், மறுபக்கம் க்ஷாரம். இரண்டும் சேர்ந்தால் இரண்டும் தங்கள் கொடுமையை விட்டுவிட்டு உப்பும் தண்ணீரும் ஆகிவிடும். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பக்தி தெரியும். ஆராதனத்தில் உட்கார்ந்திருக்கும்போது தெரிகிற அதே பக்தி.

விஞ்ஞானமும் ஆசாரமும் அவருக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டு குப்பிகளில் இறுக மூடி வைத்த சரக்குகள்போல, ஒன்றை ஒன்று தொட்டதே இல்லை.

அக்காவின் வலிக்கு மருந்து கண்டுபிடித்தவர் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது கூடத்தில் இரண்டு கண்ணாடித் தம்ளர்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றில் எலுமிச்சம்பழச் சாறு. இன்னொன்றில் தண்ணீரில் கரைத்த சோடா உப்பு.

"இங்கே வா. உங்க அக்கா வயித்துல என்ன நடக்கறதுன்னு பாரு," என்றார்.

ஊற்றினார். நுரை பொங்கித் தம்ளர் விளிம்புவரை வந்து, சீறி, பிறகு மெல்ல அடங்கியது. நீல லிட்மஸ் காகிதத்தையும் சிவப்பையும் தோய்த்துக் காட்டினார். இரண்டும் நிறம் மாறவில்லை.

"பாத்தயா? ஆசிட்டும் இல்லே, ஆல்கலியும் இல்லே. சமம். வயித்துல ஜாஸ்தி ஆசிட் சுரக்கறது. அதைக் கொல்றதுக்கு ஆஸ்பத்திரி எதுக்கு? ஒரு சிட்டிகை சோடா போறும்."

அக்கா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சமமாச்சுன்னா எனக்குச் சந்தோஷம்தான். அந்தத் தம்ளரைத் திரும்ப நான்தானே தேய்க்கணும்?" என்றாள்.

"உங்க அக்காவுக்கு எல்லாம் பரிகாசம்."

"பரிகாசம் ஒண்ணும் இல்லே. நெஜமாத்தான் கேக்கறேன்."

சோடா வேலை செய்தது. அதுதான் கஷ்டம். குடித்த சிறிது நேரத்தில் பெரிதாக ஓர் ஏப்பம் வரும், எரிச்சல் தணியும், அவள் நிமிர்ந்து நிற்பாள். அந்த ஏப்பத்துக்காக அத்திம்பேர் ஆராதனத்தின் நடுவிலும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். அது வந்ததும் அவர் குரல் சற்று உயரும். பரிசோதனை பலித்துவிட்டது என்று அர்த்தம். வருஷக்கணக்காக இப்படி நடந்தது. முதலில் ஒரு சிட்டிகை. பிறகு கரண்டிக் காம்பின் நுனியில் எடுத்தாள். பிறகு சின்னக் கரண்டியாலேயே எடுத்தாள். மளிகையில் சோடா வாங்கும் அளவைப் பார்த்துக் கடைக்காரர், "என்ன அம்மா, தினமும் கல்யாண சமையலா?" என்று கேட்டாராம். அக்கா அதைச் சொல்லிச் சிரித்தாள். அவள் கன்னத்து எலும்பு அப்போதே தெரிய ஆரம்பித்துவிட்டது.

அவள் உடம்பு இளைப்பதைப் பார்த்து ஒருநாள் நான் அத்திம்பேரிடம், பெரிய ஆஸ்பத்திரியில் ஒருதரம் காட்டினால் என்ன என்று கேட்டேன்.

"எதுக்கு? வலி இருக்கா? கேளு அவளை."

"இப்போ இல்லே," என்றாள் அக்கா.

"சோடா சாப்பிட்டதால இல்லே," என்றேன் நான்.

"அதைத்தானே நானும் சொல்றேன்!" என்று அத்திம்பேர் கை தட்டினார். நான் குற்றமாகச் சொன்னதை அவர் சான்றாக எடுத்துக்கொண்டார். அவரோடு பேசுவது எப்போதும் இப்படித்தான். நாம் எதைக் கொண்டுபோய் ஊற்றினாலும் அது அவர் சொன்னதோடு சேர்ந்து சமமாகிவிடும்.

அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது அன்றிலிருந்து என் ஒரே எண்ணமாக இருந்தது. மார்க்கெட்டுக்குப் போய் வெற்றிலையும் பூவும் வாங்கி வருகிறோம் என்று அத்திம்பேரிடம் சொல்லி ஒருநாள் ஜட்காவில் ஏற்றி நேரே அங்கே கூட்டிக்கொண்டு போனேன். வழியில் அவள் கேட்டது ஒன்றுதான்: "அங்கே ஏதாவது குடிக்கச் சொல்லுவாளா?"

டாக்டர் கன்னடக்காரர். நிதானமான மனிதர். கன்னடத்தில் அவர் கேட்டதையும் சொன்னதையும் நான் தமிழில் எழுதுகிறேன். எப்போது வலிக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். பசியில் வலித்து, சாப்பிட்டால் அடங்குகிறது என்று தெரிந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குடலில் புண் இருக்கலாம் என்றார். வெள்ளை மாவு ஒன்றைக் கரைத்துக் குடிக்க வைத்து எக்ஸ்ரே படம் எடுத்தால் இடம் தெரியும் என்றார். அதுவரை புளிப்பும் மிளகாயும் கூடாது, வயிற்றைக் காலியாக வைக்கவே கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் குடிக்க வேண்டும் என்றார். சோடாவைப் பற்றிச் சொன்னபோது, "அது எரிச்சலைத் தணிக்கும். புண்ணை ஆற்றாது. எரிச்சல் தணிந்துவிட்டது என்று நீங்கள் இங்கே வராமல் இருந்தால், அது செய்கிறது நல்லதல்ல," என்றார்.

திரும்பும்போது அக்கா ஜட்காவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "பால் குடிக்கச் சொன்னது நன்னாருக்குடா. நானே சொன்னா நாக்கு ருசின்னு சொல்லுவா. டாக்டர் சொன்னா மருந்து," என்றாள். அவள் முகத்தில் ஒரு சின்னப் பெண்ணின் சந்தோஷம் இருந்தது.

அன்று மாலை நான் எல்லாவற்றையும் வரிசையாக அத்திம்பேரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போனதற்காக அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, டாக்டர் சொன்னதில் தமக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டார்.

"சோடா எரிச்சலைத் தணிக்கும்னு சொன்னாரோல்லியோ? ஆக, என் சிகிச்சையை ஒத்துண்டுட்டார்."

"படம் எடுக்கணும்னாரே அத்திம்பேரே."

"அந்த மாவை யார் கரைக்கறா? எந்தத் தண்ணில? எந்தக் கிண்ணத்துல?"

"கேட்டா நாமே தீர்த்தம் கொண்டுபோயிடலாம்."

"அப்புறம் அந்தக் கிண்ணம்? இவ மடி ஆசாரமா இத்தனை வருஷம் காப்பாத்தினதை ஒரு கிண்ணம் மாவுல கரைச்சுடணுமா? ஆமேலே பாக்கலாம்."

ஆமேலே என்றால் கன்னடத்தில் பிறகு என்று அர்த்தம். எங்கள் வீடுகளில் அந்த வார்த்தைக்கு ஒருபோதும் இல்லை என்று அர்த்தம்.

பால் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தார். காலையில் பாலை மட்டும் முதலில் பெருமாளுக்குக் காட்டிவிட்டு அவள் குடிக்கலாம் என்று சம்மதித்தார். சாஸ்திரத்துக்கும் குறைவில்லை, டாக்டருக்கும் குறைவில்லை. சில நாள் அப்படி நடந்தது. அந்த நாட்களில் அக்கா வந்தவர்களை எல்லாம் நிற்கவைத்துப் பேசினாள். பிறகு ஒரு ஏகாதசி குறுக்கிட்டது, அடுத்து ஒரு சிராத்தம் வந்தது, அதற்குப் பிறகு பால் நின்றுவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தினமும் ஆராதனத்துக்கு முன்னால் தனியாக ஒரு ஆராதனமா என்று அவர் ஒருநாள் முனகினதாகவும், அதற்கப்புறம் தனக்கே கேட்க வாய் வரவில்லை என்றும் அக்கா சொன்னாள்.

"நீ கேளேன் அக்கா. வாய் இருக்கே உனக்கு."

"எல்லார்கிட்டயும் இருக்குடா. அவர் ஆசமனம் பண்ணிண்டு உக்காந்துட்டா அது எங்கேயோ போயிடறது."

ஏகாதசிதான் அவளுக்குப் பெரிய சோதனை. அன்று முழு உபவாசம். சோடா சாப்பிட்டால் உபவாசம் கெடுமா என்ற கேள்வி அத்திம்பேருக்கு உண்மையாகவே தொந்தரவு கொடுத்தது. மேல்கோட்டைக்குப் போனபோது சாஸ்திரம் படித்த ஒரு பெரியவரிடம் கேட்டுவிட்டு வந்தார். பெரியவர் யோசித்து, அது தானியம் அல்ல, கனி அல்ல, கிழங்கு அல்ல, அடுப்பில் ஏறியது அல்ல, வெறும் உப்பு, பசியை ஆற்றுவதும் இல்லை, ஆகவே உபவாசத்தைக் கெடுக்காது என்றாராம். அத்திம்பேர் இதைச் சொல்லும்போது குதித்தார். சாஸ்திரமும் ரசாயனமும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டன என்றார். பாலைப் பற்றிக் கேட்டீர்களா என்றேன். அதைக் கேட்கவில்லை என்றார்.

இந்த இடத்தில் ஒரு பிரசங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் அவர் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில், வீட்டு ரசாயனம் என்று ஒரு பிரசங்கம் செய்தார். பிள்ளைகளின் பெற்றோர், தெருக்காரர்கள் என்று மண்டபம் நிறைந்திருந்தது. பெண்கள் ஒருபக்கமாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள், அக்காவும் அங்கே இருந்தாள். கன்னடத்தில்தான் பேசினார். நன்றாகவே பேசினார். ஒரு கிண்ணத்தில் மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பைப் போட்டுச் சிவப்பாக்கி, கல்யாணங்களில் சுற்றிப்போடும் ஆரத்தி இதுதானே என்று கேட்டார். அதில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து மறுபடி மஞ்சளாக்கினார். கூட்டம் ஆஹா என்றது. பிறகு வயிற்றுக்கு வந்தார்.

"நம்ம மனேயல்லே நோடி," என்றார். நம் வீட்டிலேயே பாருங்கள் என்று. தம் மனைவிக்கு வந்த வலியையும், டாக்டர்கள் படம் எடுக்க வேண்டும், அறுக்க வேண்டும் என்றெல்லாம் பயமுறுத்தியதையும், காலணா சோடாவில் தாம் அதை அடக்கிவிட்டதையும் சொன்னார். அந்த ஏப்பத்தை நடித்தும் காட்டினார். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாரும் பெண்கள் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவும் சிரித்தாள். சிரிக்காமல் இருக்க அங்கே இடமில்லை. ஒரு கை மட்டும் முந்தானைக்குள் இருந்தது.

வீடு திரும்பும் வழியில், "எப்படி இருந்தது அக்கா பிரசங்கம்?" என்று கேட்டேன்.

"அவர் ஏப்பம் என் ஏப்பத்தைவிட நன்னாருந்தது," என்றாள். சற்று நடந்த பிறகு, "இனிமே ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்காதேடா. ஊரே கேட்டாச்சு, சொஸ்தமாயிடுத்துன்னு. இப்போ போய் நான் வலிக்கறதுன்னா அவர் மானம் என்னாகறது?" என்றாள்.

நான் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். அவள் நிற்காமல் போய்விட்டாள்.

அதற்கடுத்த மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வந்தது. விடியலில் பெருமாள் கோயிலில் வாசல் திறப்பதற்கு இரண்டு வீட்டாரும் சேர்ந்து போனோம். மைசூர்க் குளிர் எலும்பைத் துளைத்தது. கூட்ட நெரிசலில் அக்கா என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். தரிசனம் முடிந்து அவர்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தோம். அன்று சமையல் கிடையாது. மறுநாள் துவாதசிப் பாரணைக்காக அகத்திக்கீரையைக் கட்டாகக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அக்கா சுவரில் சாய்ந்து அதை உருவ ஆரம்பித்தாள். இரண்டு காம்பு உருவுவாள், கண்ணை மூடிக்கொள்வாள். முதல் நாள் இரவே ஒன்றும் சாப்பிடவில்லை என்று என் மனைவி மெதுவாக என்னிடம் சொன்னாள்.

பிறகு அக்காவே அவரைக் கேட்டாள். நான் அங்கே இருந்தேன், என் மனைவி இருந்தாள். இருவரும் கேட்டோம்.

"ஏன்னா, ஸ்வல்ப பால் குடிச்சுக்கட்டுமா?"

அத்திம்பேர் ஜபத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார். குரலில் கடுமை இல்லை. "இன்னிக்கா? வருஷத்துல ஒருநாள். காலம்பரயே முறிச்சுண்டா எப்படி?"

"முடியலே."

"அதுக்குத்தானே சோடா இருக்கு. அது தோஷம் இல்லேன்னு கேட்டுண்டே வந்திருக்கேனே. இரு, நானே கலந்து தரேன்."

எழுந்து போய் அவரே கலந்தார். அன்று கொஞ்சம் தாராளமாகவே கலந்தார், அன்பினால். தீர்த்தச் சொம்பிலிருந்து மடி ஜலம் எடுத்துக் கரைத்து, வெள்ளி டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார். அவள் வாங்கிக் குடித்தாள். ஏப்பம் வந்தது. "ஆச்சு!" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

"பாலைக் குடுத்துடுங்கோ அத்திம்பேரே," என்றேன்.

"நீ சும்னே இரு. நீ சர்க்கார் கச்சேரில பேனா ஓட்டறவன். உனக்கு உபவாசமும் தெரியாது, ரசாயனமும் தெரியாது."

நாங்கள் வீட்டுக்குப் போனோம். பகல் உச்சி ஏறும் வேளையில் ஓர் ஆள் ஓடி வந்தான். போய்ப் பார்த்தபோது அக்கா உருவின கீரையின்மேலேயே ஒருபக்கமாகச் சுருண்டு கிடந்தாள். கத்தவில்லை. முதலில் ஒரே ஒருதரம் கத்தினாள் என்றார்கள். வயிற்றின்மேல் கை வைத்தேன். பலகைபோல இருந்தது. முகமெல்லாம் குளிர்ந்த வேர்வை. அத்திம்பேர் பக்கத்தில் மண்டியிட்டுக்கொண்டிருந்தார், கையில் டம்ளர். "காஸ் அடைச்சிண்டிருக்கு. இன்னொரு டோஸ் குடுத்தேன், நிக்கலே, வாந்தி பண்ணிட்டா," என்றார். நான் அந்த டம்ளரை வாங்கித் தரையில் வைத்துவிட்டு ஜட்கா கொண்டுவரப் போனேன்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் இருந்தார். அக்காவை அடையாளம் தெரிந்துகொண்டார். என்னை ஒருதரம் பார்த்தார். புண் இருந்த இடம் ஓட்டையாகிவிட்டது என்றார்கள். அறுத்தார்கள், தைத்தார்கள். ஓட்டை வழியாக வயிற்றில் இருந்ததெல்லாம் உள்ளே பரவிவிட்டிருந்தது. அந்த ஆஸ்பத்திரியின் தண்ணீரும், கிண்ணமும், கையும், எல்லாம் அவள் மேல் பட்டன. இத்தனை வருஷம் காப்பாற்றிய மடி என்ன ஆயிற்று என்று அன்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் துவாதசி, ஊரில் எல்லாரும் பாரணைக்கு இலை போடுகிற வேளையில் அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் கேட்டதை எழுதவே கை கூசுகிறது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் முகத்தில் துக்கத்தோடு உள்ளே வந்து, திதியைக் கேட்டதும் மலர்ந்தார்கள்.

"வைகுண்ட ஏகாதசி உபவாசம் இருந்து, துவாதசில! யாருக்குக் கிடைக்கும்?"

"வாசல் தொறந்திருக்கற சமயம். நேரா உள்ளே போயிட்டா."

"சுமங்கலியா வேற. குடுத்து வெச்சவ."

ஒரு கிழவர் அத்திம்பேரின் கையைப் பிடித்துக்கொண்டு, "உம்ம ஆத்துல ஒரு ஜீவன் மோக்ஷம் போயிருக்கு. நீர் அழப்படாது," என்றார். அத்திம்பேர் அதுவரை அழுதுகொண்டிருந்தார். அவர் அழுகை பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பேச்சுகள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்க இறங்க அவர் முகம் தெளிந்துவந்தது. பத்தாம் நாளுக்குள் அவரே மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பெங்களூரிலிருந்து வந்திருந்த அவர்கள் ஒரே பெண், அழுது வீங்கின முகத்தோடு, "அப்படித்தானே மாமா? அம்மா பெருமாள்கிட்டதானே போயிருக்கா?" என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். அவளிடம் வேறு என்ன சொல்ல?

பதின்மூன்றாம் நாள் சுபம். விருந்து முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு மறுபடி அந்தத் திதிக்கே வந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவளுக்கு வயித்துல ஓட்டை விழுந்தது. அதனால செத்துப்போனா," என்றேன்.

"சுபத்தன்னிக்கு இது என்ன பேச்சு ஓய்?" என்றார் ஒருவர். இன்னொருவர் எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

அத்திம்பேர் மட்டும் கோபப்படவில்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "ஓட்டை விழுந்தது வாஸ்தவம். ஆனா நான் சோடா குடுக்கலேன்னா அந்த ஓட்டை எப்பவோ விழுந்திருக்கும். ஆசிட்டை இத்தனை வருஷம் தடுத்து வெச்சேனே, அதை யாரும் சொல்றதில்லே."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அது பொய் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் மறுவாரம் டாக்டரிடம் போனேன். அத்திம்பேரின் முகத்தில் எறிய ஒரு வாக்கியம் வேண்டும் என்றுதான் போனேன். டாக்டர் நேர்மையானவர், அதனால் அந்த வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. சோடா புண்ணை உண்டாக்கவில்லை என்றார். புண்ணை மறைத்தது என்றார். அமிலத்தின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தும் இருக்கலாம் என்றார். அன்று காலை அவ்வளவு சோடா குடித்ததில் எழும்பிய வாயு பலவீனமான இடத்தைக் கிழித்திருக்குமா என்று கேட்டேன். இருக்கலாம், அது இல்லாமலும் கிழிந்திருக்கலாம் என்றார். முன்பே வந்து படம் எடுத்து, பாலும் பத்தியமுமாக இருந்திருந்தால்? பிழைத்தவர்கள் உண்டு, பிழைக்காதவர்களும் உண்டு என்றார். நான் எழுந்துகொள்ளும்போது, "ஒரு மனிதர் பசிக்கிறது என்று சொன்னால் சாப்பிடக் கொடுப்பதற்கு டாக்டர் வேண்டியதில்லை," என்று மட்டும் சொன்னார். அதை என்னிடம் சொல்லிப் பயன் இல்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அக்கா வீட்டுக்கு நடந்தேன். பெண் ஊருக்குத் திரும்பியிருந்தாள். அத்திம்பேர் தாமே தளிகை பண்ணி, தாமே அமுது காட்டி, தனியாகச் சாப்பிட்டுவிட்டு இலையை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சாதம் குழைந்து போயிருந்தது என்றார். உட்கார் என்றார். நான் உட்காரவில்லை.

"அன்னிக்குக் காலம்பர பால் கேட்டாளே," என்றேன்.

எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. படம், மாவு, பிரசங்கம், சோடா எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் உண்டு. இதற்கும் ஒன்று சொல்வார் என்று நின்றேன்.

அவர் கையை அலம்பி, துண்டில் துடைத்து, அந்தத் துண்டை மறுபடி மடித்தார்.

"கேட்டா," என்றார். "சாயங்காலம் குடுக்கலாம்னு இருந்தேன். அவளுக்குன்னு தனியா எடுத்து மூடித்தான் வெச்சிருந்தேன்." பிறகு என்னைப் பார்க்காமல், "எல்லாம் ஆனப்புறம்தான் ஞாபகம் வந்தது. தொறந்து பாத்தேன். புளிச்சுப் போயிருந்தது," என்றார்.